யாரிடம் முதலில் போவது?

மூன்று நாளாகக் காய்ச்சல் இறங்கவில்லை என்றால், மதுரையில் ஒரு குடும்பம் மருத்துவரை எப்படி முடிவு செய்கிறது என்று பாருங்கள். சித்தி ஒரு பெயர் சொல்வார். அவர் பேரனுக்கு டைஃபாய்டு அங்கேதான் சரியானது. எதிர்வீட்டுக்காரர் இன்னொரு பெயர் சொல்வார். மருந்துக் கடையில் கேட்டால், “முதல்ல இதை ரெண்டு வேளை போட்டுப் பாருங்க” என்று நாலு மாத்திரையைக் கத்தரித்துக் கொடுப்பார்கள். அலங்காநல்லூரிலிருந்தோ செக்கானூரணியிலிருந்தோ பஸ் ஏறி வருகிறவருக்கு ஆட்டோ ஓட்டுநரும் வழிகாட்டிதான். இவர்கள் எல்லாரும் விடை சொல்வது ஒரே கேள்விக்கு: எந்த டாக்டர் நல்ல டாக்டர்? இந்தக் கேள்வியே நம்மைப் பாதி வழி தவற வைக்கிறது என்று நினைக்கிறேன். இந்த உபாதைக்கு எந்தப் படியில் இருக்கிற மருத்துவர் போதும், அவரிடம் யார் வழியாகப் போவது என்று கேட்டால் விடை வேறாகிவிடும்.

பனகல் சாலையில் இருக்கும் அரசு இராசாசி மருத்துவமனையை மதுரைக்காரர்கள் பெரியாஸ்பத்திரி என்றுதான் சொல்வார்கள். சென்னை மாகாண ஆளுநராக இருந்த எர்ஸ்கின் பிரபுவின் பெயரை முன்பு தாங்கியிருந்த மருத்துவமனை அது. 1954இல் மதுரை மருத்துவக் கல்லூரி தொடங்கியபின் அதன் போதனா மருத்துவமனையானது. தேனி, திண்டுக்கல் பக்கத்து மக்கள் ஆரப்பாளையத்தில் இறங்கியும், விருதுநகர், சிவகங்கை, ராமநாதபுரத்துக்காரர்கள் மாட்டுத்தாவணியில் இறங்கியும் இங்கே வந்து சேர்கிறார்கள். சிறுநீரகம் பழுதானவரும், மூளையில் கட்டி உள்ளவரும், இரண்டு நாள் இருமல்காரரும் ஒரே காலையில் ஒரே வாசலில் சீட்டு வாங்குகிறார்கள். உசிலம்பட்டியிலோ மேலூரிலோ திருமங்கலத்திலோ முடிந்திருக்க வேண்டிய வேலை இங்கே வந்து நிற்கும்போது, உண்மையிலேயே பெரியாஸ்பத்திரி தேவைப்படுகிறவருக்கு மருத்துவர் தரக்கூடிய நிமிடங்கள் குறைகின்றன. இருமல்காரரைக் குற்றம் சொல்ல நான் தயாரில்லை. அவருக்கு இடையில் இருந்த படிகளை யாரும் காட்டவில்லை.

பணம் கொஞ்சம் உள்ளவர்கள் வேறு வழியில் இதே தவறைச் செய்கிறார்கள். கே.கே. நகர், அண்ணா நகர் பக்கம் வரிசையாக இருக்கும் சிறப்பு மருத்துவமனைகளில், நோய் என்னவென்று தாங்களே முடிவு செய்துகொண்டு நேராக நுழைகிறார்கள். தலை சுற்றினால் நரம்பு டாக்டர், நெஞ்சு படபடத்தால் இதய டாக்டர், முதுகு வலித்தால் எலும்பு டாக்டர். தலைசுற்றலுக்குக் காரணம் காதாக இருக்கலாம், ரத்தசோகையாக இருக்கலாம், போன மாதம் புதிதாகக் கொடுத்த ரத்த அழுத்த மாத்திரையாகவும் இருக்கலாம். சிறப்பு மருத்துவர் தன் துறைக்குரிய சோதனைகளைச் செய்து, “என் பக்கம் ஒன்றும் இல்லை” என்று அனுப்புவார். அவர் சொன்னது சரிதான். ஆனால் நோயாளி கையில் ஒரு ஸ்கேன் உறையும் குறையாத தலைசுற்றலுமாக அடுத்த வாசலைத் தேடுகிறார்.

நம்மூரில் மருத்துவரைப் பற்றிச் சொல்லப்படும் மிகப் பெரிய பாராட்டு கைராசி. அதில் உண்மை இல்லாமல் இல்லை. தொட்டுப் பார்த்து, பேரைச் சொல்லி விசாரித்து, தைரியம் சொல்கிற மருத்துவரிடம் நோயாளி மறைக்காமல் பேசுவார், சொன்ன மருந்தை ஒழுங்காகச் சாப்பிடுவார், மறுபடி வருவார். இவை மூன்றும் சிகிச்சையில் பாதி. ஆனால் கைராசியை வைத்துத் திறமையை அளக்க முடியாது. வைரஸ் காய்ச்சலில் பெரும்பாலானவை நாலைந்து நாளில் தானாக இறங்கிவிடும். மூன்றாம் நாள் போய்ப் பார்த்த மருத்துவருக்குப் பெயர் கிடைத்துவிடும். முதல் நாள் பார்த்து, “தண்ணீர் நிறையக் குடிங்க, பொறுத்துப் பார்ப்போம்” என்று சரியாகச் சொன்னவர் கெட்ட பெயர் வாங்குவார். “ஒரே ஊசியில் எந்திரிச்சு உட்கார்ந்துட்டேன்” என்கிற புகழ் எனக்கு இன்னும் கவலை தருகிறது. மூட்டுவலிக்கோ இழுப்புக்கோ போடப்படும் ஸ்டீராய்டு ஊசி சில மணி நேரத்தில் ஆளைத் துள்ளி எழச் செய்யும். உரிய இடத்தில் அது உயிர்காக்கும் மருந்து. காரணம் தெரியாமல் அடிக்கடி போட்டால் சர்க்கரை ஏறும், எலும்பு தேயும், உள்ளே பரவும் கிருமித்தொற்று வெளியே தெரியாமல் மறையும். ஊசி கேட்டு வாங்குகிற பழக்கம் நம் கிராமங்களில் இருக்கும்வரை, ஊசி போட மறுக்கிற மருத்துவர் கூட்டமில்லாமல் உட்கார்ந்திருப்பார். அவர் நல்ல மருத்துவராக இருக்க வாய்ப்பு அதிகம்.

பெயர்ப்பலகையைப் படிக்கத் தெரிந்துகொள்வது அடுத்த வேலை. எம்.பி.பி.எஸ். என்பது பயிற்சி ஓராண்டையும் சேர்த்து ஐந்தரை ஆண்டுப் படிப்பு. அதற்கு மேல் எம்.டி. என்றால் மருந்துவழிச் சிகிச்சைத் துறைகள், எம்.எஸ். என்றால் அறுவைத் துறைகள். டி.எம்., எம்.சிஎச். என்பவை அதற்கும் மேல் இதயம், சிறுநீரகம், நரம்பு என்று ஓர் உறுப்பிலோ மண்டலத்திலோ ஆழ்ந்த படிப்பு. டி.என்.பி. என்பது எம்.டி., எம்.எஸ்.ஸுக்கு ஈடான தேசியத் தேர்வு. இவற்றுக்குப் பின்னால் கமா போட்டு நீளும் ஆங்கில எழுத்துகளில் சில, வார இறுதி வகுப்புச் சான்றிதழ்களாகவோ சங்க உறுப்பினர் அடையாளமாகவோ இருக்கும். அங்கீகரிக்கப்பட்ட தகுதிகளை மட்டுமே பெயருக்குப் பின்னால் போட வேண்டும் என்று 2002ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதிகள் சொல்கின்றன. மருத்துவக் கவுன்சிலின் பதிவு எண் மருத்துவ அறையிலும், மருந்துச் சீட்டிலும், பணம் வாங்கிய ரசீதிலும் இருக்க வேண்டும் என்பதும் அதே விதிகளில் உள்ளது. தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில் 1914ஆம் ஆண்டுச் சட்டத்தில் பிறந்த பழைய அமைப்பு. அதன் பதிவேட்டில் பெயர் இருக்கிறதா என்று கைப்பேசியிலேயே பார்க்கலாம். பதிவு இல்லாமல் நவீன மருத்துவம் பார்ப்பவருக்கு 2019ஆம் ஆண்டின் தேசிய மருத்துவ ஆணையச் சட்டம் ஓராண்டு வரை சிறையோ 5 லட்சம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கிறது.

சித்த மருத்துவத்துக்கும் ஹோமியோபதிக்கும் அவற்றுக்கென்று பட்டங்களும் பதிவும் உண்டு. பார்க்க வேண்டியது, கொடுக்கிற மருந்தும் படித்த படிப்பும் ஒன்றா என்பது. ஹோமியோபதி படித்த ஒருவர் காய்ச்சல் நோயாளிக்கு ஆங்கில மருந்து கொடுத்து, நோயாளி இறந்துபோன வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் கறாராகத் தீர்ப்பளித்தது. தான் படிக்காத முறையில் மருத்துவம் பார்த்ததே அலட்சியம் என்பது அந்தத் தீர்ப்பு.

பட்டம் மட்டும் எல்லாவற்றையும் சொல்லிவிடாது. பொருளாதார அறிஞர் ஜிஷ்ணு தாஸும் அவருடைய குழுவினரும் மத்தியப் பிரதேசக் கிராமங்களுக்கு, நோயாளியாக நடிக்கப் பயிற்சி பெற்ற ஆட்களை அனுப்பிச் செய்த ஆய்வு 2016இல் ‘அமெரிக்கன் எகனாமிக் ரிவ்யூ’ இதழில் வந்தது. அரசுப் பணியில் இருக்கும் அதே மருத்துவரிடம், அரசு நிலையத்திலும் அவருடைய தனி கிளினிக்கிலும் ஒரே உபாதையைச் சொன்னார்கள். தனி இடத்தில் அவர் கூடுதல் கேள்வி கேட்டார், கூடுதலாகப் பரிசோதித்தார், சரியான சிகிச்சை தரும் வாய்ப்பும் கூடியிருந்தது. ஆள் ஒருவரே, அறிவும் ஒன்றே. உழைப்பு மாறியது.

தமிழ்நாட்டிலும் அரசு மருத்துவர்கள் பணி நேரம் போக வெளியே பார்க்கலாம் என்பதால் மதுரைக்கு இந்த ஆய்வு நெருக்கமானது. காலையில் பெரியாஸ்பத்திரியில் இருக்கும் பேராசிரியரை மாலையில் சொந்த கிளினிக்கில் டோக்கன் போட்டுப் பார்க்கிறவர்கள் இங்கே ஏராளம். ‘தனியார்தான் உசத்தி’ என்று இந்த ஆய்வை வாசிக்கக் கூடாது. அதே ஆய்வு நடந்த ஊர்களில் தனியாக மருத்துவம் பார்த்த பலருக்கு மருத்துவப் படிப்பே கிடையாது. நான் எடுத்துக்கொள்வது இதுதான்: மருத்துவரின் பெயரோடு, அவர் எந்த இடத்தில், எத்தனை பேருக்கு நடுவில், எவ்வளவு நேரம் நமக்குத் தருகிறார் என்பதையும் சேர்த்தே தேர்வு செய்கிறோம். 67 நாடுகளின் தரவுகளைத் தொகுத்து 2017இல் வெளிவந்த ஓர் ஆய்வில், ஒரு நோயாளிக்கு மருத்துவர் தரும் சராசரி நேரம் வங்கதேசத்தில் 48 நொடி, ஸ்வீடனில் இருபத்திரண்டரை நிமிடம். இந்தியாவுக்குக் கிடைத்த கணக்கு இரண்டு நிமிடத்தை ஒட்டியது. கிடைப்பது இரண்டு நிமிடம்தான் என்றால், எப்போது தொடங்கியது, எதைச் செய்தால் கூடுகிறது, ஏற்கெனவே என்ன மாத்திரை சாப்பிடுகிறேன் என்பதைத் துண்டுத்தாளில் எழுதிக்கொண்டு போகிறவருக்கு அது நாலு நிமிடத்துக்குச் சமம்.

இதே மதுரையில் ஒரு துறை மட்டும் இந்தப் படிக்கட்டுச் சிக்கலுக்கு உலகமே வந்து பார்க்கும் விடையைக் கட்டி வைத்திருக்கிறது. எட்டயபுரம் பக்கத்து வடமலாபுரத்தில் 1918இல் பிறந்த டாக்டர் கோ. வெங்கடசாமி, முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போன பிறகும் கத்தி பிடிக்கப் பழகிக் கண் அறுவை செய்தவர். மதுரை மருத்துவக் கல்லூரியில் கண் துறையை நடத்தி, ஊர் ஊராகக் கண் முகாம் போட்டவர். அரசுப் பணி ஓய்வுக்குப் பின் 1976இல் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். அதன் அறுவை எண்ணிக்கையைப் பற்றியும் இலவசச் சிகிச்சையைப் பற்றியும் எல்லாரும் எழுதிவிட்டார்கள். நம் கேள்விக்கு முக்கியமானது, 2004 வாக்கில் தொடங்கி இன்று நூற்றுக்கும் மேல் பெருகியிருக்கும் அதன் பார்வை மையங்கள். சிற்றூரில் ஒரு சிறிய அறை. பயிற்சி பெற்ற பணியாளர், பெரும்பாலும் அந்த வட்டாரத்துப் பெண், கண்ணைப் பரிசோதித்துப் படமெடுத்து அனுப்புகிறார். ஆதார மருத்துவமனையில் இருக்கும் கண் மருத்துவர் திரையில் பார்த்து நோயாளியோடு பேசுகிறார். கண்ணாடியோ சொட்டு மருந்தோ போதும் என்றால் அங்கேயே முடிந்துவிடுகிறது. வந்தவர்களில் பெரும்பாலோருக்கு அப்படித்தான் முடிகிறது. புரையோ கண்நீர் அழுத்தமோ சர்க்கரையால் விழித்திரைச் சேதமோ இருந்தால் மட்டும் மேலே அனுப்புகிறார்கள். எந்த மருத்துவரிடம் போவது என்ற தேர்வைக் கண் மங்கிய ஒரு பாட்டியின் தலையில் கட்டாமல், அமைப்பே ஏற்றுக்கொள்கிறது. வயிற்றுக்கும் நெஞ்சுக்கும் மூட்டுக்கும் இப்படியொரு முதல் படி நம் வட்டாரத்தில் இல்லை.

அரவிந்தில் கற்க இன்னொன்றும் உண்டு. கண்புரை அறுவைக்குப் பின் கண்ணுக்குள் கிருமி புகுந்து பார்வை போவது மருத்துவர்கள் அஞ்சும் விபத்து. தங்கள் மருத்துவமனைகளில் நடந்த 6 லட்சத்துக்கும் மேற்பட்ட அறுவைகளை எடுத்துக்கொண்டு, அந்தத் தொற்று எத்தனை பேருக்கு வந்தது, அறுவை முடிவில் கண்ணுக்குள்ளேயே ஆன்டிபயாடிக் செலுத்தத் தொடங்கியபின் எவ்வளவு குறைந்தது என்று 2017இல் அவர்களே வெளியிட்டார்கள். 10,000 பேருக்கு 7 என்றிருந்தது 2 ஆயிற்று. தன் தோல்விகளை எண்ணி வெளியே சொல்லும் மருத்துவமனையை நம்பலாம். விளம்பரப் பலகையில் வெற்றிகளை மட்டும் எழுதுகிற இடத்தில், அந்தக் கணக்கு எங்கே என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

அறுவைச் சிகிச்சை என்றாலே எண்ணிக்கை பேசும். அறுவை மருத்துவர் ஜான் பர்க்மேயரின் குழு அமெரிக்க முதியோர் காப்பீட்டுப் பதிவுகளில் 25 லட்சம் அறுவைகளை ஆராய்ந்து 2002இல் எழுதியது. கணையத்தை வெட்டி எடுக்கும் பெரிய அறுவையில், அதை அபூர்வமாகச் செய்யும் மருத்துவமனைகளில் நூற்றுக்குப் பதினாறு பேர் இறந்தார்கள். அடிக்கடி செய்யும் இடங்களில் நாலு பேர். சாதாரண அறுவைகளில் இடைவெளி இவ்வளவு பெரிதில்லை. ஆகவே குடலிறக்கத்துக்கும் குடல்வாலுக்கும் திருமங்கலத்திலேயே நல்ல அறுவை மருத்துவர் கிடைத்தால் போதும். பிள்ளைகள் பக்கத்தில் இருந்து கஞ்சி கொண்டுவருவது பெரிய பலம். புற்றுநோய், இதயம், மூளை என்றால் தூரத்தைப் பார்க்கக் கூடாது. “நீங்க இந்த ஆபரேஷனை மாசத்துக்கு எத்தனை செய்றீங்க சார்? உங்க கையிலே எத்தனை பேருக்குச் சிக்கலாச்சு?” என்று மரியாதையோடு கேளுங்கள். நல்ல மருத்துவர் கோபிக்க மாட்டார். பெரிய அறுவைக்கு இரண்டாவது மருத்துவரின் கருத்தைக் கேட்பதை முதல் மருத்துவருக்குச் செய்யும் துரோகமாக நினைக்கிற தயக்கம் நம்மிடம் ஆழமாக இருக்கிறது. அதை விட்டுவிட வேண்டும்.

இவ்வளவும் சொன்னபின், என் கருத்தில் எல்லாவற்றையும்விட முக்கியமான தேர்வுக்கு வருகிறேன். நோய் வருவதற்கு முன்னால், வீட்டுக்குப் பக்கத்தில், ஒரு பொது மருத்துவரைத் தேர்ந்து அவரையே பல ஆண்டுகள் விடாமல் பார்ப்பது. மாசி வீதிகளிலும் சிம்மக்கல்லிலும் தல்லாகுளத்திலும் ஒரு காலத்தில் தெருவுக்கு ஒருவர் அப்படி இருந்தார். தாத்தாவின் இழுப்பும் அம்மாவின் பிரசவமும் பிள்ளையின் பயந்த சுபாவமும் அவருக்குத் தெரியும். எதைத் தானே பார்ப்பது, எதை மேலே அனுப்புவது, அனுப்பினால் யாரிடம் என்பதெல்லாம் அவர் வேலை. எம்.பி.பி.எஸ்.ஸோடு நிற்பது தோல்வி என்று நாம் நினைக்கத் தொடங்கியபின் அந்த இனம் குறைந்தது. அந்த இழப்பு பழைய நினைவின் ஏக்கமல்ல என்பதற்கு நார்வேயில் கணக்கு இருக்கிறது. அங்கே ஒவ்வொருவர் பெயரும் ஒரு பொது மருத்துவரின் பட்டியலில் இருக்கும். சுமார் 45 லட்சம் பேரின் பதிவுகளை ஆராய்ந்து 2022இல் வெளிவந்த ஆய்வின்படி, 15 ஆண்டுகளுக்கு மேல் ஒரே மருத்துவரிடம் இருந்தவர்களுக்கு, ஓராண்டே இருந்தவர்களைவிட, திடீரென மருத்துவமனையில் சேரும் வாய்ப்பும் இறக்கும் வாய்ப்பும் நூற்றுக்கு 25 முதல் 30 வரை குறைவு. மருத்துவர் மாறாமல் இருந்ததுதான் காரணம் என்று இத்தகைய ஆய்வால் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் எந்த மருந்தாவது இவ்வளவு பலன் காட்டியிருந்தால் நாம் கடை கடையாகத் தேடியிருப்போம்.

ஆரம்ப சுகாதார நிலையங்கள் இந்தக் குறையை ஓரளவு நிரப்புகின்றன. சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை அங்கே இலவசம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ அதை வீட்டு வாசலுக்கே கொண்டுவருகிறது. ஆனால் அங்கே மருத்துவர் மாறிக்கொண்டே இருக்கிறார். பழகிய முகம் இடமாற்றத்தில் போய்விட்டால் நோயாளி மறுபடி முதலிலிருந்து கதை சொல்ல வேண்டும். தோப்பூரில் 2019 ஜனவரியில் அடிக்கல் நாட்டிய எய்ம்ஸுக்காக மதுரை உரக்கக் குரல் கொடுத்தது; நியாயமான குரல். வாடிப்பட்டி சுகாதார நிலையத்தில் ஒரே மருத்துவர் பத்தாண்டு இருக்க வேண்டும் என்று அதில் பாதிக் குரலாவது எழ வேண்டும்.

தேர்வே கூடாத நேரங்களும் உண்டு. சோழவந்தான் வயலில் பாம்பு கடித்தவருக்கு வேண்டியது கைராசிக்காரரோ மந்திரிப்பவரோ அல்ல, விஷமுறிவு மருந்து இருப்பில் உள்ள மிக அருகிலான அரசு மருத்துவமனை. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் என்று நான்குக்கும் ஒரே மருந்துதான். கடித்த பாம்பை அடித்துத் தூக்கிப்போக நேரம் செலவிட வேண்டியதில்லை. வாய் கோணி, கை விழுந்தால், ரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் கெடு. இரவு பகல் எந்நேரமும் சி.டி. ஸ்கேன் எடுக்கும் இடம் எது என்று இப்போதே தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும். சாலை விபத்து என்றால் 108ஐ அழையுங்கள். 2021 டிசம்பரில் வந்த ‘இன்னுயிர் காப்போம்’ திட்டத்தில் உள்ள மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை அரசு ஏற்கிறது.

மனநோய் விஷயத்தில் தவறான வாசல் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு நம் வட்டாரமே சாட்சி. ராமநாதபுரம் ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி, தர்காவை நாடி வந்தவர்களுக்கான காப்பகக் கொட்டகையில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 பேர் தீயில் இறந்தார்கள். அவர்களைக் கொண்டுவந்து விட்ட குடும்பங்கள் கொடியவர்கள் இல்லை. மனநல மருத்துவர் என்றொருவரிடம் போகலாம் என்று சொல்ல அவர்களுக்கு ஆள் இல்லை. இன்று அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. 14416 என்ற எண்ணில் தமிழிலேயே பேசலாம். தர்காவுக்கும் கோயிலுக்கும் போகிறவர்கள் போகட்டும். மாத்திரையை நிறுத்தாமல் போகட்டும்.

பணத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். முதலமைச்சரின் காப்பீட்டு அட்டையில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை இருக்கிறது என்பது உண்மை. ஆனால் எல்லா மருத்துவமனையிலும் எல்லாச் சிகிச்சைக்கும் அது செல்லாது. நமக்குத் தேவையான சிகிச்சைக்கு அந்த மருத்துவமனை பட்டியலில் உள்ளதா என்று சேர்வதற்கு முன்பே காப்பீட்டு மேசையில் கேட்க வேண்டும். ஒரு குறிப்பிட்ட ஸ்கேன் சென்டருக்குத்தான் போக வேண்டும் என்று காரணம் சொல்லாமல் வற்புறுத்தினால் யோசியுங்கள். நோயாளியை அனுப்பியதற்குக் கமிஷன் வாங்குவதை மருத்துவ நெறிமுறை விதிகள் வெளிப்படையாகத் தடை செய்திருக்கின்றன.

எந்த மருத்துவரிடம் போனாலும் பழைய சீட்டு, ரத்தப் பரிசோதனை, ஸ்கேன், டிஸ்சார்ஜ் அட்டை எல்லாவற்றையும் தேதிவாரியாக ஒரு ஃபைலில் போட்டுக் கொண்டுபோங்கள். பெற்றோருக்கு ஒரு ஃபைல், உங்களுக்கு ஒன்று. மருத்துவமனையில் சேர்ந்து வெளியே வரும்போது உங்கள் பதிவுகளின் நகலைக் கேளுங்கள். உள்நோயாளிப் பதிவுகளை மூன்றாண்டு பாதுகாக்க வேண்டும், நோயாளியோ அவர் சார்பில் உரியவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது விதி. தயங்காமல் கேட்டு வாங்குங்கள்.